1962 போரிலிருந்து அப்பா எழுதிய கடிதங்கள்: தம்பியிடம் காட்டுவதா, விட்டுவிடுவதா?

மூத்தவள்:
சீனப் போரில் பிடிபட்டுத் திரும்பியவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லுங்கள். என் அப்பா ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் லைன்மேன். அப்போது நேஃபா என்று சொன்ன பகுதியில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், தவாங் பக்கம் போட்டிருந்தார்கள். நவம்பர் 1962-இல் அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. மறுவருடம் கோடையில்தான் வீடு வந்து சேர்ந்தார். 1999-இல் இறந்தார். இடையில் போன அந்த மாதங்களைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை, கேட்கவும் எங்களுக்குத் தைரியம் கிடையாது.

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் அப்பாவின் இன்லேண்ட் கடிதங்கள் கட்டாக இருந்தன. எல்லாமே தாத்தா பெயருக்கு வந்தவை. "தேவரீர் அப்பா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, மணியார்டர் வந்ததா, கிணறு தூர் வாரியாகிவிட்டதா, மாடு கன்று போட்டதா என்றே பக்கம் முழுக்க ஓடும். போர் என்ற பேச்சே இல்லை. ஆனால் இன்லேண்டில் கடைசியாக மடித்து ஒட்டும் அந்தச் சின்ன மடிப்பு இருக்கிறதே, அதில் மட்டும் பொடி எழுத்தில் அம்மாவுக்கு நாலு வரி. செப்டம்பர் 1962 கடிதத்தில் இப்படி இருக்கிறது: "பாப்பாவுக்கு மொட்டை போடுவதை நான் லீவில் வரும்வரை தள்ளிவைக்கச் சொல். அழுதால் தூக்கிக்கொள்ள நான் பக்கத்தில் இருக்க வேண்டும்."

அந்தப் பாப்பா நான்தான். என்னை அவர் தூக்கியதாக எனக்கு ஒரு நினைவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த அப்பா சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது, தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. ராத்திரியில் தாழ்ப்பாள் போட விடமாட்டார், வாசலைப் பார்த்தபடியே படுப்பார். தம்பி 1965-இல் பிறந்தவன். தட்டில் சோற்றை மிச்சம் வைத்ததற்காக அவன் வாங்கிய அறையில் இடது காது போனது, இன்றுவரை சரியாகக் கேட்காது.

கடிதங்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். "கொளுத்திப் போடு அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அந்த மாதங்களில் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று இனிமேல் தெரிந்துகொள்ள வழி உண்டா? அந்த மடிப்பு வரிகளைத் தம்பி ஒருமுறையாவது படிக்கும்படி செய்யலாமா, அல்லது விட்டுவிடுவதுதான் நல்லதா?

பழைய_சிக்னல்:
வணக்கம் அம்மா. நானும் சிக்னல்ஸ்தான், ஆனால் 1974-இல் சேர்ந்தவன். 1962-ஐப் பார்த்த சீனியர்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களும் அதிகம் பேச மாட்டார்கள்.

கடிதத்தில் போர் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் இருக்கிறோம், என்ன வேலை, எத்தனை பேர் என்று எதையும் எழுதக் கூடாது. முகவரியே 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) தான், பதுங்குகுழியில் இருந்தாலும் அதே எண்தான். அதிகாரி பிரித்துப் படிப்பார் என்ற நினைப்பு எப்போதும் இருக்கும். அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் கடிதம் வந்தால் திண்ணையில் யாராவது ஒருவர் சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். பொண்டாட்டிக்கு மனம்விட்டு எழுத முடியுமா? கிணறும் மாடும் எழுதினால், உயிரோடு இருக்கிறேன், வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். உங்கள் அப்பா அந்த மடிப்பில் நாலு வரி எழுதினாரே, அதற்கே பெரிய மனசு வேண்டும்.

அப்புறம், லைன்மேன் வேலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டெலிபோன் ஒயர் அறுந்தால் அது எங்கே அறுந்தது என்று கையால் தடவிக்கொண்டே போய் ஒட்டுப் போட வேண்டும். குண்டு விழுகிறது என்று எல்லோரும் குழிக்குள் இருக்கும் நேரத்தில் வெளியே போகிறவன் லைன்மேன். 1962 அக்டோபர் 20 அதிகாலை நாம்கா சூ ஆற்றங்கரையில் பீரங்கித் தாக்குதல் ஆரம்பித்ததுமே லைன்கள் அறுந்துபோயின. அங்கே போன 4-வது டிவிஷன் அம்பாலாவில், சமவெளியில் இருந்த படை. பருத்தி யூனிஃபார்மோடு பனிமலைக்கு ஏற்றி அனுப்பினார்கள், குளிருக்கு ஏற்ற உடுப்பும் பூட்ஸும் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. நவம்பர் 21-இல் சண்டை நின்றபோது சுமார் 3,900 பேர் கைதிகள். திபெத் முகாம்களுக்குப் பலரை மலை வழியாக நடத்திக் கொண்டுபோனார்கள், காயம்பட்டவர்களும் அந்தக் குளிரில் நடந்தார்கள். முகாமில் சாப்பாடு கொஞ்சம்தான். தட்டில் பருக்கை மிஞ்சக் கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் விஷயம். 1963-இல் திரும்பி வந்தவர்களை நேராக வீட்டுக்கு விடவில்லை. ராஞ்சி பக்கம் வைத்து விசாரித்தார்கள். எப்படிப் பிடிபட்டாய், அவர்களிடம் என்ன சொன்னாய், அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாயா? பட்டினி கிடந்து வந்தவனிடம் கேட்ட கேள்வி இது. தோல்விக்கு என்ன காரணம் என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை, ஒரு பகுதி 2014-இல் கசிந்ததோடு சரி. மேலே இருந்தவர்கள் தப்புக்கு யாரும் வாய் திறக்கவில்லை, பிடிபட்ட சிப்பாய் மட்டும் ஆயுசுக்கும் தலையைக் குனிந்துகொண்டான். அவமானமும் சேர்ந்துகொண்டால் மனிதன் பேச மாட்டான் அம்மா.

உங்கள் முதல் கேள்விக்கு: சிக்னல்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் ஜபல்பூரில் இருக்கிறது. மகள் என்பதற்கான சான்று, இறப்புச் சான்றிதழ், அவருடைய டிஸ்சார்ஜ் புக் அல்லது பென்ஷன் ஆர்டர் நகல் வைத்து எழுதுங்கள். பென்ஷன் வாங்கியவர் என்றால் ஆவணம் இருக்க வாய்ப்பு அதிகம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் மனு எழுத உதவுவார்கள்.

கார்கில்_மனைவி:
அக்கா, என் கணவர் 1999 கார்கில் போரின்போது திராஸில் இருந்தார். இன்று என் பக்கத்து அறையில்தான் தூங்குகிறார், அதனால் இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை.

பழைய_சிக்னல் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைத் தம்பி கையில் கொடுத்து, "பார், அப்பா எவ்வளவு பாசமானவர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாசமான வரிகள் உங்களைப் பற்றி எழுதப்பட்டவை. அவர் பிறந்தது அப்பா திரும்பி வந்த பிறகு. அந்த மடிப்பில் இருக்கும் மனிதரை உங்கள் தம்பி பார்த்ததே இல்லை, அவருக்குக் கிடைத்தது காதில் விழுந்த அறைதான். திபெத்தில் பட்டினி கிடந்தது உண்மை, அதற்காக ஒரு சின்னப் பையனின் காது போனது சரியாகிவிடாது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது.

எங்கள் வீட்டில் ஆரம்பத்தில் நானும் பிள்ளைகளை அடக்கி அடக்கித்தான் வைத்தேன். அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே. பட்டாசு வேண்டாம். பின்னால் நின்று தொடாதே. பிள்ளைகள் வாயை மூடியே வளர்ந்தார்கள். பெரியவள் இன்றும் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் முகம் வெளுத்துப்போவாள், அவள் எந்தப் போருக்கும் போகவில்லை. இதற்கெல்லாம் மருத்துவத்தில் தனி நோயாகப் பெயர் வைத்ததே 1980-இல்தான். உங்கள் அப்பா திரும்பி வந்தபோது அவருக்கும் சொல்ல வார்த்தை இல்லை, உங்கள் அம்மாவுக்கும் யாரிடம் போவது என்று தெரிந்திருக்காது. என் கணவருக்கு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் வழியாக மனநல மருத்துவரைப் பார்க்க முடிந்தது. 2003-க்கு முன்னால் அந்தத் திட்டமே கிடையாது. மாத்திரையைவிட, "இது உன் கோழைத்தனம் இல்லை" என்று ஒரு டாக்டர் அவர் முகத்துக்கு நேரே சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

தம்பியிடம் ஏதாவது பேச வேண்டுமானால் முதலில் காதைப் பற்றிப் பேசுங்கள். அது நடந்தது, தப்பு, எனக்குத் தெரியும் என்று மூத்தவளாக நீங்கள் சொல்லுங்கள். கடிதம் அப்புறம்.

மண்டபம்_ரா:
நான் உங்கள் தம்பியின் இடத்தில் இருப்பவன், அதனால் எழுதுகிறேன். என் அப்பா அமைதிப்படையில் 1987-இல் இலங்கைக்குப் போனார். தமிழர் என்பதால் அங்கே பேச்சுக்கு இவரைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஊருக்கு வந்தால் நம் ஆட்களையே சுட்டுவிட்டு வந்தவன் என்று பேச்சு. அவர் குடித்தார், நாங்கள் வாங்கினோம்.

அவர் எழுதிய கடிதங்களைச் சித்தி எனக்குக் கொடுத்தபோது பல வருடம் பிரிக்கவே இல்லை. பிறகு படித்தேன். மன்னிக்கத் தோன்றவில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒன்று தெளிந்தது. நான் ஏதோ செய்ததால்தான் அடி விழுகிறது என்று சின்ன வயதிலிருந்து உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன், அது போய்விட்டது. நான் பேசத் தொடங்கும் முன்பே அவருக்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டது எனக்கு நல்லதாக இருந்தது. சித்தி அன்று வற்புறுத்தியிருந்தால் நானே கிழித்துப் போட்டிருப்பேன். கொளுத்தச் சொன்னாலும் கொளுத்தாதீர்கள் அக்கா, வைத்திருங்கள், இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஏடு_காப்பவன்:
இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் குறுக்கே வருகிறேன். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப்பும் ஒட்டாதீர்கள், இரண்டும் பின்னால் காகிதத்தைத் தின்றுவிடும். ஒட்டிக்கொண்ட மடிப்பைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்க வேண்டாம், அந்தக் கால மை கரைந்துவிடும். ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். முத்திரை விழுந்த முகவரிப் பக்கத்தையும் விடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும். பிறகு அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வையுங்கள். நாப்தலின் உருண்டையை அதோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

மூத்தவள்:
எல்லோருக்கும் நன்றி. கார்கில்_மனைவி, நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே தம்பியிடம் பேசினேன், காதைப் பற்றி மட்டும். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அம்மா அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார், உனக்குத் தெரியுமா" என்று கேட்டான். எனக்குத் தெரியாது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். கடிதப் பேச்சை எடுக்கவில்லை. படம் எடுத்து வைக்கப்போகிறேன், கேட்டால் கொடுப்பேன்.

கடிதக் கட்டுக்குள் ஒரு அட்டையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேறு யாரோ எழுதியது, நலமாக இருக்கிறேன் என்று இரண்டே வரி, கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. அது கைதி முகாமிலிருந்து வந்ததா? இன்னொன்று, டிஸ்சார்ஜ் புக் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவின் ஆர்மி நம்பர் இல்லாமல் ஜபல்பூருக்கு எழுதலாமா?

பழைய_சிக்னல்:
முகாமிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஜெனீவா ஒப்பந்தப்படி கைதி வீட்டுக்கு மாதம் குறைந்தது இரண்டு கடிதமும் நாலு அட்டையும் எழுத விட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்கள் வழியாகத்தான் தபால் போய் வந்தது. அதில் ஏதாவது முத்திரை இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். மனுவோடு அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

நம்பருக்குக் கவலை வேண்டாம். இன்லேண்டின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள், நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏபிஓ என்று வரிசையாக எழுதியிருப்பார். எழுதாமல் விட்டிருக்க மாட்டார், அப்படித்தான் பழக்குவார்கள். யூனிட் பெயர் 1962 கடிதத்தில் ஒன்றாகவும் 1963-க்குப் பிறகு வேறாகவும் இருந்தால் இரண்டையும் குறித்து எழுதுங்கள், தேட அவர்களுக்குச் சுலபம்.