கன்னியாகுமரி சூரிய உதயம்: வானம் வெளுத்துப்போகிறதே?

கையில் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான். வானம் வெளுக்கிறது; அதைச் சரிசெய்தால் விவேகானந்தர் பாறை கறுத்துவிடுகிறது. என்ன செட்டிங் வைக்கலாம்?

பதில் 1:
ரா ஃபார்மட் (சென்சார் பதிவை அப்படியே வைக்கிற ஃபைல்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்8, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் -1, அதாவது கேமரா கணக்கிடுறதைவிட ஒரு படி இருட்டா. கறுத்த பாறையை லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஷேடோவ (இருண்ட பகுதிய) ஏத்தி ஓரளவு மீட்கலாம். முழுசா வெளுத்த வானத்துல மீட்க ஒண்ணுமே இருக்காது. உண்மையச் சொன்னா, பாறையும் வள்ளுவர் சிலையும் நிழலுருவாவே இருக்கிறதுதான் அழகு.

பதில் 2:
உதயத்துக்கு அரைமணி முன்னாடியே ட்ரைபாட் (கேமரா முக்காலி) போட்டுடுங்க, நிறம் அப்பதான் நல்லா வரும். வெளிச்சம் கம்மிங்கிறதால ஷட்டர் திறந்திருக்கிற நேரம் ஒரு செகண்டைக்கூடத் தாண்டலாம். 2 செகண்ட் டைமர் வைக்கலேன்னா பட்டனை அமுக்குற அசைவே படத்தைக் கலக்கிடும். காத்துல ஆடும், ட்ரைபாடோட நடுத்தண்டை உயர்த்தாதீங்க.

பதில் 3:
லென்ஸையும் பாருங்க சார். உப்புச்சாரல் படிஞ்சா, சூரியனுக்கு எதிரே படமே மங்கலாயிடும். ஊதிட்டு, லேசா ஈரமான மைக்ரோஃபைபர் துணியால துடைங்க.