சந்தையில முறுக்கும் ஊறுகாயும் விக்கலாமா?

தோட்டத்துப்பொண்ணு: நாங்க இலங்கையில ஹட்டன் பக்கம், அம்மா செய்ற முறுக்கும் தேசிக்காய் ஊறுகாயும் லயத்துல (தோட்டத்து லைன் வீடுகள்ல) எல்லாருக்கும் புடிக்கும், ஞாயித்துக்கிழமை சந்தையில வச்சா போகுமா, லைசன்ஸ் ஏதும் வேணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலைக்காத்து: தங்கச்சி மொதல்ல பிரதேச சபையில போய் எடம் கேளுங்க. சும்மா ஓரமா உக்காந்தா யாராவது வந்து எழுப்பிவிடுவாங்க. பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாப்பாரு, சாப்பாட்டு சாமான் இல்லையா, 1980 உணவுச் சட்டம் வீட்டுல செய்றதுக்கும்தான். பக்கெட்டுல பேரு, நிறை, செஞ்ச திகதி, முடியுற திகதி ஒட்டிருங்க.

ராணிஅக்கா: முறுக்குதான் தலைவலி. நம்ம பக்கத்து பனிக்கு தெறந்து வச்சா கொஞ்ச நேரத்துல நமுத்துரும், கடிச்சா சவ்வு மாதிரி இழுக்கும், அதனால சுட்டு நல்லா ஆறவிட்டு (சூட்டோட கட்டுனா உள்ளுக்கு வேர்த்துரும்) சின்ன சின்ன பக்கெட்டா போட்டு வாயை மெழுகுதிரி நெருப்புல காட்டி ஒட்டுங்க. ருசி பாக்க குடுக்குறத மூடி போட்ட போத்தல்ல வைங்க. ஊறுகாய்க்கு ஈரக் கரண்டி ஆகாது, பூத்துரும்

மலைக்காத்து: அக்கா சொன்னது சரி. இன்னொன்னு, 10ஆம் திகதி தோட்டத்துல சம்பளம் போட்டதுக்கு பொறகு வர்ற ஞாயிறுதான் யாவாரம், மாசக் கடைசியில கொஞ்சமா கொண்டுபோங்க

தோட்டத்துப்பொண்ணு: நன்றி அண்ணே, அக்கா. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கொண்டுபோனா எப்படி?

ராணிஅக்கா: சனம் குமியும், ஆனா எட வாடகையும் ஏறிரும். மொதல்ல ஹட்டன்ல பாருங்க புள்ள