ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை: நாலு எழுத்து தெரியும், ஒன்றுதான் மாட்டவில்லை

கோவைக்காரி:
காலையில் காபியோடு வேர்டில் போடுகிற ஆள் நான் (ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கிற ஆட்டம்; எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை, எழுத்து உண்டு ஆனால் இடம் தப்பு என்றால் மஞ்சள்). குடும்ப வாட்ஸப் குழுவில் ஏழு பேர் ஆடுகிறோம், கொழுந்தனார் எப்போதும் மூன்றாவது வாய்ப்பிலேயே முடித்துவிட்டுப் பச்சைக் கட்டங்களைப் போட்டு வெறுப்பேற்றுவார். போன வாரம் முதல் வார்த்தையாக க்ரேட் போட்டேன் (மரப்பெட்டி க்ரேட், பாராட்டுகிற க்ரேட் இல்லை). சி, ஏ, டீ மூன்றும் மஞ்சள். அடுத்து லாட்ச், தாழ்ப்பாள். கடைசி நாலு எழுத்தும் பச்சை! முடிந்தது கதை என்று நினைத்தேன், என் கதைதான் முடிந்தது. மாட்ச் போட்டேன், வாட்ச் போட்டேன், அப்புறம் பேட்ச், அதற்கும் அப்புறம் இன்னொரு பேட்ச் (ஒன்று காலேஜ் பேட்ச், ஒன்று பஞ்சருக்கு ஒட்டுகிறது). ஆறு வாய்ப்பும் காலி. விடை ஹாட்ச், முட்டை பொரிக்கிற ஹாட்ச்.

கேள்வி இதுதான். இத்தனை எழுத்து, இந்த இடத்தில் இந்த எழுத்து என்று தெரிந்தால் மொத்த வார்த்தைகளையும் எடுக்க வழி இருக்கிறதா? ஏமாற்ற இல்லை, ஆடி முடித்த பிறகு என்னென்ன மிச்சம் இருந்தது என்று பார்க்கத்தான். (சரி, கொஞ்சம் ஏமாற்றவும்தான்.)

அரைக்கட்டம்:
ஒன்லுக் என்று ஓர் அகராதித் தேடல் தளம் இருக்கிறது, போனிலேயே திறக்கலாம். தெரியாத இடத்துக்கு ஒரு கேள்விக்குறி, தெரிந்த இடத்தில் எழுத்து. உங்களுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு ஏ, டீ, சி, எச் அடித்தால் போதும். நட்சத்திரக் குறியைப் போட்டுவிடாதீர்கள், அதற்கு 'எத்தனை எழுத்து வேண்டுமானாலும்' என்று பொருள், ஐந்தெழுத்து கேட்ட இடத்தில் பதினைந்தெழுத்து வந்து நிற்கும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், சுருக்கெழுத்து எல்லாம் கலந்துதான் வரும், நாம்தான் பொறுக்க வேண்டும். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

கறுப்புத்திரை:
மேக் வைத்திருந்தால் இணையமே வேண்டாம். டெர்மினலை (கட்டளை அடிக்கிற ஜன்னல்) திறந்து, கிரெப் என்ற தேடல் கட்டளையில் வார்த்தைக்கு முன்னால் ^, பின்னால் $ போட்டு, தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும், உள்ளேயே ஒரு சொற்கோப்பு கிடக்கிறது, இரண்டேகால் லட்சம் வார்த்தைக்கு மேல். ஆனால் அது 1934-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்த பட்டியல். யாரும் கேள்விப்படாத பழைய வார்த்தை குவியும், சாதாரணப் பன்மையும் இறந்தகாலமும் பல இடத்தில் இருக்காது. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன், பழக்கதோஷம்.

பழைய ஸ்க்ராபிள்:
பட்டியல் எடுப்பது இருக்கட்டும், உங்கள் கஷ்டம் பட்டியல் இல்லாததால் வந்ததே இல்லை. லாட்ச் போட்டபோது ஐந்து வார்த்தை மிச்சம் இருந்தது: மாட்ச், வாட்ச், இரண்டு பேட்ச், அப்புறம் ஹாட்ச். (கேட்ச் வராது, அதுவாக இருந்தால் க்ரேட் போட்டபோதே சி பச்சையாகியிருக்கும்.) கையில் நாலு வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டால் அது லாட்டரிச் சீட்டு. மூன்றாவது வாய்ப்பில், விடையாக இருக்கவே முடியாத ஒரு வார்த்தையைப் போட்டிருக்க வேண்டும். உதாரணம் ஸ்வாம்ப், சதுப்பு நிலம். அதில் டபிள்யூ, எம், பஞ்சர் ஒட்டுகிற பி மூன்றும் ஒரே அடியில் சோதனையாகிவிடும். இந்த மூன்றில் எது மஞ்சளானாலும் அந்த எழுத்தில் தொடங்குவதுதான் விடை. மூன்றில் ஒன்றும் மஞ்சளாகவில்லை என்றால் காலேஜ் பேட்ச், ஹாட்ச் இரண்டுதான் பாக்கி, வாய்ப்போ மூன்று. தோற்கவே முடியாது.

லைட், நைட், ஃபைட், டைட் வகை இதைவிட மோசம். கடைசி நாலும் ஐ, ஜி, எச், டீ என்று பச்சையானால் சந்தோஷப்படாதீர்கள், எய்ட்டையும் சேர்த்தால் எட்டு வார்த்தை சாதாரணமாகவே தேறும். இன்னொன்று, வெறும் எஸ் ஒட்டிய பன்மை வேர்டிலில் வழக்கமாக விடையாக வருவதில்லை, அதையெல்லாம் பட்டியலிலிருந்து தாராளமாக அடித்துவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை: ஹார்ட் மோடு போட்டிருந்தால் ஸ்வாம்ப் செல்லாது, கிடைத்த பச்சையை அதே இடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

சும்மா_வந்தேன்:
நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். ஸ்க்ராபிளில் (எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை அமைக்கிற ஆட்டம்) கியூ வந்து யூ வராமல் எத்தனை தடவை தோற்றிருக்கிறேன் தெரியுமா. யூ இல்லாத கியூ வார்த்தை ஐந்தெழுத்தில் உண்டா?

பழைய ஸ்க்ராபிள்:
உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான் பாதி. ஃபக்கீர், தலாக், நிகாப் மூன்றையும் ஆங்கிலத்தில் கியூ போட்டு எழுதினால் ஐந்தெழுத்து, யூ கிடையாது. அரபியிலிருந்து வந்தவை என்பதால் அப்படி. பாலைவன நிலத்தடி வாய்க்காலைக் குறிக்கும் கனாத் இன்னொன்று. அவசரத்துக்கு இரண்டெழுத்து 'சீ' இருக்கிறது, கியூவும் ஐயும், சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. கியூ ஒரே ஒரு வில்லைதான், 10 புள்ளி, அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை யூவுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய தப்பு. அதேபோல ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுமே கையில் இல்லை என்றால் ஒய் இருக்கிறதா பாருங்கள். நிம்ஃப், லிம்ஃப், க்ரிப்ட், அப்புறம் மிர், பைபிளில் வெள்ளைப்போளம் என்று வருமே அது, எல்லாம் ஐந்தெழுத்து.

கோவைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்லுக்கில் போட்டுப் பார்த்தேன், ஹாட்ச் கண்முன்னே நின்றது, வயிறு எரிந்தது. ஸ்வாம்ப் யோசனையைக் கொழுந்தனாரிடம் சொன்னேன், "அது எனக்கு முதலிலேயே தெரியும் அண்ணி" என்கிறார். தெரிந்தும் சொல்லவில்லை பாருங்கள்.

அப்புறம் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் ஹார்ட் மோடு ஆனில் இருக்கிறது. நான் போடவே இல்லை, பையன் போனை வாங்கி நோண்டியிருக்கிறான். அப்போது ஸ்வாம்ப் எனக்குச் செல்லவே செல்லாதே?

பழைய ஸ்க்ராபிள்:
செல்லாது. ஹார்ட் மோடில் லாட்ச் போட்ட நிமிடமே மாட்டிக்கொண்டீர்கள். அங்கே கவனம் இரண்டாவது வார்த்தையிலேயே வேண்டும், மஞ்சள் மூன்றையும் வேறு மாதிரி அடுக்கிப் பார்த்திருக்கலாம். இல்லையென்றால் பையனுக்குப் போன் கொடுக்காதீர்கள்.