பொருள்: விரக்தியுற்ற காந்தமா?

அனைவருக்கும் வணக்கம்.

இயற்பியலர் பிலிப் ஆண்டர்சனின் ஆய்வு வாழ்க்கை பற்றி மாணவர்களுக்கான கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1949இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தது, எதிர்ஃபெர்ரோ காந்தங்களில் (அண்டை அணுக்கள் எதிரெதிராக நிற்பவை) தொடக்கப் பணி, ஒழுங்கற்ற பொருளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்வது பற்றிய 1958 கட்டுரை, 1977 நோபல் எல்லாம் ஓடிவிட்டன. எழுபதுகளில் வந்து மாட்டிக்கொண்டேன். அங்கே 'ஃபிரஸ்ட்ரேஷன்' வருகிறது: காந்தத்தில் அண்டை அணுக்களின் விருப்பங்கள் முரண்பட்டு, எல்லாம் ஒருசேர நிறைவேற முடியாத நிலை. அகராதியை நம்பி 'விரக்தியுற்ற காந்தங்கள்' என்று எழுதினேன். என் மகள் படித்துவிட்டு, "யார் மேல விரக்தி?" என்கிறாள். வேறு சொல் உண்டா?

---

அம்மா,

மகள் கேட்டது சரியான கேள்வி. விரக்தி என்றால் மூலத்தில் பற்றின்மை. சலிப்பு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. பக்கத்தில் இருப்பதோடு பற்றே இல்லாத தற்சுழற்சிகள் (ஸ்பின், அதாவது அணுவளவிலான குட்டிக் காந்தங்கள்) என்றால் அது பாரா காந்தம் அல்லவா? நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். 'நிறைவுறாக் காந்தம்' என்று போடுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், தூய தமிழ், வல்லினமும் ஒழுங்காக மிகுகிறது.

---

> நிறைவுறாக் காந்தம்

ஐயா, வகுப்பில் இது உதைக்கும். புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காந்தம் தெவிட்டுநிலையை எட்டும் என்று அதே பாடத்தில் நடத்துகிறோம். 'நிறைவுறா' என்றால் இன்னும் தெவிட்டாதது என்றே பையன்கள் எழுதுவார்கள்.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஒரு முக்கோணம், மூலைக்கு ஒரு தற்சுழற்சி, மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கலாம். ஒவ்வொன்றும் அண்டை வீட்டுக்கு எதிராகவே நிற்க விரும்புகிறது. முதலிரண்டும் எதிரெதிராக நின்றுவிட்டன. மூன்றாவது என்ன செய்யும்? ஒருவருக்கு எதிராக நின்றால் இன்னொருவரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. மொத்தம் எட்டு அமைப்புகள். அவற்றில் ஆறு ஒரே தாழ்ந்த ஆற்றலில் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி முக்கோணங்களாலேயே ஆன தளத்தைச் தனிச்சுழி வெப்பநிலை வரை குளிர்வித்தாலும் ஒழுங்கின்மை மிஞ்சும் என்று இயற்பியலர் வானியர் 1950லேயே கணக்கிட்டுவிட்டார். ஃபிரஸ்ட்ரேஷன் என்ற பேரை 1977இல் வைத்தவர் தூலூஸ் என்ற இயற்பியலர். அவர் வரையறையில் தவிப்பது தனித் தற்சுழற்சி அல்ல, சுற்றிவரும் பிணைப்புகளின் வளையம். அதனால் மனநிலையைச் சொல்லும் சொல்லே வேண்டாம். 'இழுபறி' என்பேன். இழுபறிக் காந்தம்.

---

இழுபறி நல்ல சொல்தான், தம்பி. ஆனால் காந்தம் என்றாலே இழுப்பதுதானே? இரும்பை இழுத்துப் பறிக்கும் காந்தம் என்று எவனாவது படித்துவைப்பான். அப்புறம், அந்தச் சொல்லில் 'பறி' இருக்கிறது. இழுபறியில் கடைசியில் ஒருவன் பறித்துக்கொண்டு போவான். உங்கள் முக்கோணத்தில் பறித்தவர் யார்?

இதற்குச் சங்கப் பாட்டில் சொல் தயாராக இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சம். வந்த வினையை முடி என்கிறது அறிவு. நடுவில் கிடக்கும் உடம்பு, இரண்டு களிறுகள் இருபுறமும் பற்றியிழுக்கும் தேய்புரிப் பழங்கயிறு. மூன்று பேர், கவனியுங்கள், உங்கள் மூன்று மூலைகளைப் போலவே! அந்த உவமையாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். ஆகவே தேய்புரிக் காந்தம். தேய்புரி வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

உவமை பிரமாதம் ஐயா, கை தட்டுகிறேன். ஆனால் தேய்புரிக் காந்தம் என்றால், பழசாகி வலுவிழந்த காந்தம் என்றுதான் எனக்கே தோன்றுகிறது.

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். ஃபெர்ரோவை விட்டுவைத்திருக்கிறோம், பாராவை விட்டுவைத்திருக்கிறோம். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? ஃபிரஸ்ட்ரேஷன் என்றே இருக்கட்டுமே.

---

ஃபெர்ரோ என்பது பிறமொழிப் பேர், மாணவருக்கு அது வெறும் முத்திரை. ஃபிரஸ்ட்ரேஷன் அப்படியில்லை, தேர்வு முடிவு வரும் நாளில் அவர்களே சொல்கிற சொல். அர்த்தம் முன்கூட்டியே தலையில் இருக்கிறது, தவறான அர்த்தம்.

இருக்கட்டும், 1975இல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் சேர்ந்து எழுதிய 'ஸ்பின் கிளாஸ்' (தற்சுழற்சிகள் ஒழுங்கில்லாமல் உறைந்துபோன காந்தம்) கட்டுரைக்கு என்ன போட்டீர்கள்? 'தற்சுழற்சிக் கண்ணாடி' என்றால் முகம் பார்ப்பதா, மூக்கில் மாட்டுவதா என்று கேட்பார்கள்.

---

கண்ணாடிக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து! நாளை வெள்ளிக்கிழமை.

எண்ணிப் பார்த்தேன். இழுபறிக்கு நான்கு பேர் (இருவர் தனிமடலில்), தேய்புரிக்கு ஒருவர், அப்படியே விடச் சொல்பவர் ஒருவர். முதல் இடத்தில் 'ஃபிரஸ்ட்ரேஷன் எனப்படும் இழுபறி நிலை' என்று எழுதி, பிறகு இழுபறிக் காந்தம் என்றே கொண்டுபோகிறேன். வானியரின் முக்கோணத்துக்குப் படம் போட்டால் இரும்பை இழுக்கும் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆண்டர்சனும் சக இயற்பியலர் ஹைனேயும் தங்கள் ஆய்வுக் குழுவின் பேரில் இருந்த 'திடநிலை'யை எடுத்துவிட்டு 'கன்டென்ஸ்டு மேட்டர்' என்று மாற்றினார்கள். திரவங்களையும் உள்ளே கொண்டுவரும் பேர் அது. அதற்கு 'செறிபொருள்' என்று போட்டிருக்கிறேன். யாரும் மறுக்காவிட்டால் நல்லது.

---

செறிபொருளுக்கு மறுப்பில்லை. 'செறி'யின் வேர் பற்றி மட்டும் ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.

இழுபறிக்கு என் மறுப்பு நிற்கிறது. பறித்தவர் யார் என்று கேட்டேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.