நெட்வொர்க் சுவிட்ச் அலர்ட் கைவிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

காவேரிப்பட்டணம்:
மாம்பழக்கூழ் ஆலை, போன சீசன், பெங்களூரா மாம்பழ லோடு குவியும் நேரம். ஆலைக்குள் கம்ப்யூட்டர்களை நெட்டில் இணைக்கும் சுவிட்சில் லிங்க் டவுன் (இணைப்பு அறுவது), ரீபூட் எல்லாவற்றுக்கும் மெயில் அலர்ட் போட்டிருந்தேன். ராத்திரி இரண்டரை மணிக்கு வாட்ச்மேன் போன் செய்தார். "சார், எடைமேடையில பில் வரல, லாரி ரோடு வரைக்கும் நிக்குது." மெயிலைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "நெட் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் சுவிட்சில் நேராகக் கன்சோல் கேபிள் போட்டு லாகைத் (அது எழுதிவைக்கும் பதிவை) திறந்தால், 2.13க்கு அப்லிங்க் (வெளியே போகும் முக்கிய இணைப்பு) டவுன். அதற்குக் கீழே 'மெயில் சர்வரை அடைய முடியவில்லை' என்று பதினோரு வரி. எலி கடித்தது ஆபீசுக்குப் போகும் ஃபைபரை. மெயிலும் அதே ஃபைபர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பின்னால் நின்று பார்த்த முதலாளி கேட்டார்: "அப்போ அது கத்தியிருக்கு, உனக்குத்தான் கேக்கல?" இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பாலக்கோடு:
எனக்கு நேர் எதிர். கல்லூரி லேப், 48 போர்ட்டிலும் லிங்க் ட்ராப் (இணைப்பு போனால் சுவிட்ச் அனுப்பும் எச்சரிக்கை) போட்டுவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசங்க கம்ப்யூட்டரை அணைப்பார்கள், என் போன் நாற்பது தடவை அதிரும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "எடுத்துப் பேசுங்க தம்பி, பாவம் யாரோ" என்றார். அன்றைக்கே அலர்ட் வரும் குரூப்பை மியூட் செய்தேன். இரண்டு வாரம் கழித்து யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் சுவரில் செருகி லூப் ஆக்கி, மொத்த நெட்டும் படுத்தது. அலர்ட் ஒழுங்காக வந்திருக்கிறது, மியூட்டில்.

ஓசூர்:
காவேரிப்பட்டணம் அண்ணே, தப்பு எலி மேல் இல்லை. அலர்ட் போட்டவர் ஒருதடவையாவது ஃபைபரைப் பிடுங்கிச் சோதித்தாரா? எனக்கும் ஒருமுறை ட்ராப் வரவில்லை. ட்ராப்பை வாங்கும் ரிசீவரின் ஐபியில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தேன். அவ்வளவுதான் என் கதை.

இனி இதைச் செய்யுங்கள். ட்ராப் யூடிபி 162இல் போவது, சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. ட்ராப் அனுப்பும் முறையான எஸ்என்எம்பியின் வெர்ஷன் 2சி-இல் இன்ஃபார்ம் உண்டு. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். சிஸ்லாக்கில் (சுவிட்ச் அனுப்பும் பதிவுச் செய்திகளில்) 0தான் மிக மோசம், 7 வெறும் டீபக். 0 முதல் 4 வரைக்கும் மட்டும் வெளியே அனுப்பினால் போதும். ஆனால் லிங்க் டவுன் உங்கள் சுவிட்சில் எந்த எண்ணில் பதிவாகிறது என்று முதலில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலக்கோடு நண்பர் பிசி போர்ட்டுகளில் லிங்க் ட்ராப்பை நிறுத்திவிட்டு அப்லிங்க், சர்வர், கேமரா போர்ட்டுகளில் மட்டும் வைக்கட்டும். லூப்பைக் கண்டு தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ அணைந்து கிடக்கிறதா என்றும் பார்க்கட்டும், லூப்புக்கு அதுதான் வைத்தியம். ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்களுக்கு 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டு செல்லாது, ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்டு மாதிரியான கம்யூனிட்டி பெயரை 'பப்ளிக்' என்றே விட்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள்.

காவேரிப்பட்டணம்:
இன்ஃபார்ம் எத்தனை தடவை அனுப்பினாலும் அறுந்த ஃபைபரில் எப்படி அண்ணா போகும்? நான் சொன்னதே அதுதானே. சோதிக்கவில்லை என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன்.

ஓசூர்:
சரி, அது நியாயம். அப்படியென்றால் சுவிட்ச் கத்துவதை நம்பாதீர்கள், ஃபைபருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசாரியுங்கள். ஆபீஸ் பக்கம் ஒரு பழைய பிசியில் ஜாபிக்ஸோ லிப்ரெஎன்எம்எஸ்ஸோ (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுவிட்சுக்குப் பிங் ('இருக்கிறாயா' என்று கேட்பது). மூன்று தடவை பதில் இல்லையென்றால் மெசேஜ். யுபிஎஸ்ஸை மறக்காதீர்கள்.

அரூர்:
நடுவில் வருகிறேன். கோடை மழை, இடி, ராத்திரி சுவிட்ச் ரீபூட். எத்தனை மணிக்கு என்று மேனேஜர் கேட்டார். லாகில் எல்லாமே 1970 ஜனவரி 1. அந்தத் தேதியில் அவரே பிறக்கவில்லை. என்டிபி (நெட் வழியாகச் சரியான நேரம் வாங்குவது) போட்டு, நேர மண்டலம் 5.30 என்றும் சொல்லிவையுங்கள்.

காவேரிப்பட்டணம்:
பிசி வைத்தாயிற்று. நேற்று ராத்திரி நானே ஃபைபரைப் பிடுங்கினேன். மூன்று நிமிடத்தில் எனக்கு மெசேஜ் வந்தது. முதலாளிக்கும் போயிருக்கிறது. அவர் நம்பரையும் சேர்த்ததைச் சொல்ல மறந்துவிட்டேன், லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.