மூன்று நாள் மழை: மான் வேட்டைக்குப் போறதா, விடுறதா?

கவார்த்தாவாசி:
வணக்கம். ஒன்ராறியோவில் நவம்பரில் துவக்கால் (ரைபிளால்) மான் வேட்டையாடுற சீசன். மூன்று நாளும் மழை, 3 முதல் 6 பாகை, காற்று மணிக்கு 30 கி.மீ. எண்டு முன்னறிவிப்பு. சீடர் (cedar) மரச் சதுப்பும் ஓக் மர மேடும் சந்திக்கிற இடத்தில் 15 அடி ஏணிப் பரண் நிற்குது. துவக்கு .308 அளவுச் சன்னத்துக்கானது, ஒவ்வொரு வெடிக்கும் போல்டைக் கையால் இழுக்கிற வகை. இதுவரை காய்ந்த நாளில் மட்டும்தான் போனது. பரணில் இருக்கிறதா, இறங்கி நடக்கிறதா? துவக்கை எப்படிக் காப்பாற்றுறது? தெரிந்தவை சொல்லுங்கோ.

சுவடு:
தம்பி, துவக்கைப் பற்றி மற்றவை சொல்லுவினம். நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த மானுக்கு வெடி வைக்கிறது எண்டதை. தூறலில் மான் வழமைபோல மேயும், அதற்குத் தயங்க வேண்டாம். கொட்டுற மழையில் இரத்தத் தடம் சில நிமிடத்தில் கரையும். நுரையீரலில் சரியாகப் பட்ட மான்கூட 100 மீற்றர் ஓடி விழும். சீடர் சதுப்புக்குள் 100 மீற்றர் எண்டால், தடமில்லாமல் பத்தடிக்கு அப்பால் கிடக்கிறதும் தெரியாது.

அதனால் பக்கவாட்டில் அசையாமல் நிற்கிற மான் மட்டும், அதுவும் 75 மீற்றருக்குள். காய்ந்த நாளில் தோளுக்குப் பின்னால் குறி வைப்பீங்கள். மழை நாளில் முன்னங்காலுக்கு நேர்மேலே, உடம்பின் பாதி உயரத்தில் வையுங்கோ. .308 சன்னம் தோள் எலும்பை உடைத்தால் மான் அதிகம் ஓடாது. கொஞ்சத் தோள் இறைச்சி வீணாகும், ஆனால் மான் கைக்கு வரும். ஓடுற மானையும், உங்களை நேரே பார்த்து நிற்கிற மானையும் விட்டுவிடுங்கோ.

மாலை கடைசி அரை மணி நேரமும் வேண்டாம். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு துவக்கு வெறுமையாக, உறைக்குள் இருக்க வேணும் எண்டது இங்கத்தைய சட்டம். காயப்பட்ட மானை விடியும்வரை விட்டால் மழை எல்லாத்தையும் கழுவிவிடும்.

ஈரப்பரண்:
காற்று 30க்குள் எண்டால் பரண் சரி. 40ஐத் தாண்டினாலோ இடி கேட்டாலோ உடனே இறங்குங்கோ. ஆக்கள் கூடுதலாக விழுறது ஏணியில் ஏறி இறங்கேக்கதான், ஈரத்தில் இன்னும் கவனம். முழு உடல் பாதுகாப்புப் பட்டியை நிலத்திலேயே கொழுவி, ஏறும்போதும் கயிற்றோடு இணைந்திருங்கோ. துவக்கைத் தோட்டா இல்லாமல், வாய் கீழே பார்க்கக் கயிற்றில் மேலே இழுங்கோ.

காற்று பலமானால் மான் மேட்டின் காற்றடிக்காத பக்கம், சதுப்பு ஓரமாகப் படுக்கும். அப்ப நடை நல்லது. நனைஞ்ச சருகு சத்தம் போடாது. காற்றை முகத்தில் வாங்கி, மூன்று அடி வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கோ. முழு மானைத் தேடாதேங்கோ. மரங்களுக்கு நடுவில் கிடையாகத் தெரியிற முதுகுக் கோட்டைத் தேடுங்கோ.

துவக்கு: குழல் வாயின் மேல் மின்வயர் சுற்றுற ரேப் ஒரு சுற்று ஒட்டுங்கோ. சன்னத்துக்கு முன்னால் தள்ளுப்படுற காற்றே அதைக் கிழிக்கும், குறி மாறாது. துணி, தக்கை எதையும் குழலுக்குள் அடைக்கக் கூடாது, குழல் வெடிக்கலாம். துவக்கின் தொலைநோக்கிக்கு மூடி போடுங்கோ, கண்ணாடியில் மூச்சு விடாதேங்கோ. பலர் பிழை விடுற இடம் இரவுதான்: குளிர்ந்த துவக்கைச் சூடான கபினுக்குள் கொண்டுவந்தால் வில்லை முழுக்க வியர்க்கும். கடைசி நாள்வரை குளிரிலேயே, உறையில் பூட்டி வையுங்கோ.

இன்னொண்டு: மழைச்சட்டையை, மற்ற வேட்டைக்காரரின் கண்ணில் பட அணியிற செம்மஞ்சள் உடுப்புக்கு மேலே போடுறவை நிறையப் பேர். இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் எல்லாப் பக்கத்தாலும் தெரிய வேணும், தொப்பியும் அதே நிறத்தில். செம்மஞ்சள் ஆக வெளியே இருக்கட்டும். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி மட்டும். 4 பாகை மழை, காய்ந்த உறைகுளிரை விட ஆபத்து.

கவார்த்தாவாசி:
நன்றி அண்ணை. வெடி வைச்ச பிறகு, மானைத் தேடிப் போக முதல் அரை மணி காத்திருக்கச் சொல்லுறவை. அது மழையிலும் பொருந்துமோ?

சுவடு:
மான் கண்முன்னே விழாட்டி, அது நின்ற மரத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு உடனே இறங்கி, வெடி பட்ட இடத்தை மட்டும் பாருங்கோ. நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் எண்டால் நுரையீரல், தொடர்ந்து போகலாம். கறுத்த சிவப்பு எண்டால் ஈரல், பச்சை நிறமாகி நாறினால் குடல். ஈரலுக்கு 4 மணி நேரம், குடலுக்கு அதைவிடக் கூடக் காத்திருக்க வேணும் எண்டதுதான் கணக்கு. பெருமழையில் தடம் போனாலும் குடல் பட்ட மானைத் துரத்தாதேங்கோ. துரத்தினால் கிலோமீற்றர் கணக்கில் போகும், விட்டால் கிட்டவே படுக்கும்.

இரத்தத்தை நிலத்தில் தேடாமல், இலையின் அடிப்பக்கத்திலும் முழங்கால் உயரச் செடித் தண்டுகளிலும் பாருங்கோ. மழை அங்கே கடைசியாகத்தான் கழுவும். சந்தேகமான கறையில் ஹைட்ரஜன் பெரொக்சைட் தெளித்தால் இரத்தம் நுரைக்கும். ஒவ்வொரு துளிக்கும் பக்கத்துச் செடியில் அடையாளமாக ஒரு துண்டு ரேப் கட்டுங்கோ. தடம் அறுந்தால் கடைசி ரேப்பில் நின்று, 10 மீற்றர் இடைவெளிக் கோடுகளாகச் சதுப்பைச் சல்லடை போடுங்கோ.

கிடைத்ததும் குடலை எடுத்து, உள்பக்கத்தைத் தண்ணீர் விடாமல் துணியால் துடைத்து, மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கோ. ஈரம் நிற்கிற இறைச்சி 6 பாகையிலும் பிசுபிசுத்துப் போகும்.