கரண்ட் போனால் சம்ப் நிரம்பி வழிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் நான்கடி மீன் தொட்டி, கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டி மோட்டாரில் மேலே அனுப்பும் தொட்டி. மோட்டார் ஓடும்வரை ஒரு சொட்டு சிந்தாது. கரண்ட் போனால்தான் வினை. மேல் தொட்டித் தண்ணீர், சம்பிலிருந்து மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப் வழியாகவே சைபன் ஆகி (தானாகவே பின்னோக்கி இழுக்கப்பட்டு) இறங்கி, சம்ப் நிரம்பித் தரையில் ஓடுகிறது. ஸ்டாண்டின் பிளைவுட் அடியில் உப்பிவிட்டது. பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருப்பதுதான் பெரிய பயம்.

தொட்டி 120-க்கு 45 செ.மீ. மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 5.4 லிட்டர். பைப்பின் வாய் 4 செ.மீ. மூழ்கியிருக்கிறது, ஆக கிட்டத்தட்ட 22 லிட்டர் கீழே வரும். சம்பில் அவ்வளவு இடம் இல்லை.

வாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைபன் உடையும். தண்ணீரைப் பின்னால் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்ப மனமில்லை. பாசியோ குட்டி நத்தையோ சிக்கினால் முழுசாக மூடாது.

ஓட்டை எத்தனை மி.மீ. போட்டீர்கள்? பாசி அடைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? அப்புறம், மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சம்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ சீப்பில் (பல் பல்லான தடுப்பில்) இலை அடைத்தால் மேல் தொட்டியே வழியும். அதற்குத் தனியாக எமர்ஜென்சி பைப் இறக்கியவர்கள் சைஸும் உயரமும் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறோம், வீட்டில் ஆள் இருக்காது. அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.